பிள்ளைகளின் படிப்பை அளந்த விதம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் ரேங்க் கார்டு வரும் நாளன்று உண்டாகும் கலவரம் யாவரும் அறிந்ததே. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் அட்டையை முதுகின்பின் மறைத்துத் தந்தையின் கையொப்பத்துக்கு நிற்பதைக் கண்டுளோம். யாமும் அவ்வாறு நின்றவரே. ஆதலின் இவ்விஷயத்தைச் சிறிது ஆராயப் புகுந்தோம்.

1822-இல் சென்னைக் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் உளரென 1826-இல் அவர் குறித்தார். பெண்மக்கள் மிகச் சிலரே என்பதை மறைத்தலாகாது. பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை சுவையுடையது. காலையில் முதலில் வருவோன் உள்ளங்கையில் சரஸ்வதியின் நாமம் எழுதப்படும், இரண்டாமவனுக்குச் சுன்னம், அதாவது புகழுமில்லை, இகழுமில்லை, மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, பின் வருவோர்க்கு ஒவ்வொன்றாய்க் கூடும். அடியை யாம் கொண்டாடவில்லை. ஆயினும் அப்பள்ளிகளில் பிள்ளை தன் திறத்துக்கும் தேர்ச்சிக்கும் ஏற்ப ஒரு வகுப்பினின்று மறு வகுப்புக்கு ஏறினான் என்று அவ்வறிக்கையே கூறுகின்றது. கீழ்வகுப்பாரைச் சட்டாம்பிள்ளை பார்ப்பான். உபாத்தியாயர் கண் எல்லார்மேலும் இருக்கும்.

இங்கிலாந்திலோ 1862-இல் ராபர்ட் லோ என்பார் வேறொரு விதி செய்தார். இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளையைப் பரீக்ஷிப்பார். தேறினால் பள்ளிக்கு எட்டு ஷில்லிங். தவறிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் குறையும். விளைவு யாதெனில், உபாத்தியாயர்கள் பாடப்புத்தகத்தை நெட்டுருச் செய்வித்தனர். வேறு புத்தகம் கொடுத்தால் பிள்ளை விழிக்கும்! இன்ஸ்பெக்டராயிருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டே இதைக் கண்டித்தெழுதினார். தேர்ச்சிக்கேற்ற கிராண்டு என்னும் இம்முறை நம் மாகாணத்திலும் பரவிற்று. அங்கே 1890-களில் அது கைவிடப்பட்டது. பரீக்ஷை மோகமோ இங்கே நிலைத்துவிட்டது.

2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை எவரையும் நிறுத்தலாகாதென விதித்தது. 2019-இல் அது தளர்த்தப்பட்டது. தமிழக அரசு அவ்வாண்டு ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது.

நம் சங்கத்தின் ஆண்டுப் பரிசோ இன்றும் முதல் ரேங்குக்காரர்க்கே போகின்றது. ஆனியில் எழுத்துக்கூட்டத் தெரியாது பங்குனியில் கதை வாசிக்கும் பிள்ளைக்கு நாம் ஒரு பென்சிலும் கொடுத்ததில்லை. அத்தகையார்க்கும் ஒரு பரிசு ஏற்படுத்த வேண்டுமென அடுத்த நிர்வாக சபையில் பிரேரிப்போம். பெற்றோர்களாகிய அன்பர்கள் தம் பிள்ளையின் ஆசிரியரை நேரிற்கண்டு, அவன் எதில் முன்னேறினான் என்று கேட்டுவந்து, கூட்டத்தில் தெரிவிப்பாராக.