குறத்தி வேடம்: ஒரு உடுப்பின் வரலாறு

ஆடி மாதம் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும். சாமி வேஷம் கட்டிய ஆட்கள் அலங்கரித்த வண்டிகளில் நின்றும் அமர்ந்தும் வருவார்கள். சிவன், பார்வதி, காளி, முருகன், வள்ளி என்று புராணமே தெருவில் ஊர்வலமாகப் போகும். ஆண்களே அம்மன் வேஷம் கட்டுவதும் அங்கே சகஜம். பட்டுச்சேலை, கிரீடம், கழுத்து மூடிய நகை. யாருக்கும் அதில் உறுத்தல் கிடையாது.

அதே சேலம் நாமக்கல் சமவெளியில், நோம்பி சாட்டிய ஊர்களில், ராத்திரி பத்து மணிக்கு மேல் இன்னொரு வேஷம் மேடையேறும். முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் பாவாடை. ஒரு தோளில் முடிச்சு. நெஞ்சு நிறையப் பாசிமணி. சாய்த்துக் கட்டிய கொண்டை, அதில் ஒரு இறகு. கையில் கூடை, பல சமயம் அதுவும் இருக்காது. 'அடுத்து குறவன் குறத்தி டான்ஸ்' என்று மைக்கில் அறிவிப்பார்கள். சாமி வேஷத்தைப் பார்க்கக் குழந்தை குட்டியோடு வந்த கூட்டம் அப்போது கலைந்துவிட்டிருக்கும். முன்வரிசையில் ஆண்கள் மட்டும்.

கேட்டால், 'அட, வேஷம்தானுங்களே' என்பார்கள். வேஷம்தான். ஆனால் யாருடைய வேஷம்? இந்த உடுப்பை யார், எப்போது உடுத்தியிருந்தார்கள்? குறவர் பெண்கள் சேலை கட்டுகிறவர்கள். நரிக்குறவர் பெண்களின் பாவாடை கால்வரை தொங்குவது. மேடையில் வரும் பாவாடையை எந்தக் குறத்தியும் கட்டியதில்லை. கூடையைக் குறவரிடமிருந்தும், பாசியையும் இறகையும் நரிக்குறவரிடமிருந்தும் எடுத்து, மீதியை ஆண்களின் ஆசையிலிருந்து தைத்த உடுப்பு அது. இத்தனைக்கும் இவ்விரண்டும் வேறு வேறு சமூகங்கள். நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி வடக்கத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பொதுப்புத்திக்கு இந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை. ஊருக்கு வெளியே நிற்கிறவள் எல்லாம் ஒருத்திதான் அதற்கு.

தமிழ் இலக்கியத்தில் குறத்தி இப்படி வந்தவள் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்வோம். காதல் நோயில் கிடக்கிற வசந்தவல்லி மேல்குடிப் பெண். அவளுக்குக் குறி சொல்ல வருகிறவள் சிங்கி. வந்தவள் கெஞ்சுவதில்லை. தன் மலையின் வளத்தைச் சொல்கிறாள், தான் போய்வந்த நாடுகளைச் சொல்கிறாள், மேல்குடிப் பெண்ணின் கையைப் பிடித்து அவள் மனசுக்குள் இருப்பதைச் சொல்கிறாள். பரிசாக நகைகள் வாங்குகிறாள். பிறகு அவளைத் தேடி அலைந்து கண்டுபிடிக்கும் சிங்கன், அவள் உடம்பில் புதிதாக ஏறியிருக்கிற ஒவ்வொரு நகையையும் காட்டி இது என்ன, இது ஏது என்று சந்தேகத்தோடு கேட்கிறான். குறி சொல்லி வாங்கினேன் என்று அவள் பதில் சொல்கிறாள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சிங்கியின் உடம்பில் இருக்கும் நகை அலங்காரம் இல்லை, கூலி. அவள் தொழிலுக்குக் கிடைத்த ஊதியம், அவள் நடந்த தூரத்தின் கணக்கு. குறவஞ்சியில் சிருங்காரம் இல்லாமல் இல்லை. சிங்கன் சிங்கி பேச்சில் அது தாராளமாகவே இருக்கிறது, ரசித்து எழுதியவர் ஆண் புலவர் என்பதும் தெரிகிறது. ஆனாலும் அங்கே அவள் பேசுகிறவள். காட்சி முழுக்க அவள் பேச்சில்தான் நகர்கிறது. பிற்கால மேடை அந்தப் பேச்சைப் பிடுங்கிக்கொண்டது. குறியும் இல்லை, மலைவளமும் இல்லை. கூலியாக வந்த நகை மட்டும் மலிவான பாசியாகி நெஞ்சில் தொங்குகிறது.

இந்தப் பிடுங்கல் மேடையில் மட்டும் நடக்கவில்லை. நம் சமவெளியின் பொருளாதார வரலாற்றிலேயே நடந்தது. குறவர்களில் ஒரு பிரிவினருக்கு உப்புக் குறவர் என்று பெயர். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பையும், அங்கிருந்து தானியத்தையும் பொதிமாடு, கழுதைகளில் ஏற்றி நடந்தவர்கள். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகமானது. 1860களின் தொடக்கத்தில் சேலம் வழியாக மேற்குக் கடற்கரைவரை ரயில் ஓடத் தொடங்கியது. பொதிமாட்டுக்கு வேலை போச்சு. 1876-78 பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. தொழில் போன நாடோடி வணிகரை வெள்ளை அரசாங்கம் என்னவாகப் பார்த்தது? பிறவிக் குற்றவாளியாகப் பார்த்தது. 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் புதுப்பிக்கப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் பிரிவுகள் பல அதன்கீழ் அறிவிக்கப்பட்டன. இந்தக் கதையை மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

போலீஸ்காரர்கள் எழுதிய கையேடுகளில் குறத்தி எப்படி வருகிறாள் என்பது நம் விஷயத்துக்கு முக்கியம். 1892இல் முல்லாலி என்ற அதிகாரி சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்பினர்' பற்றி ஒரு புத்தகம் போட்டார். அந்த வகை எழுத்தில், கூடை விற்கவும் குறி சொல்லவும் வீடு வீடாகப் போகும் குறத்தி உளவுக்காரியாகிறாள். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தன் ஆட்களுக்குத் துப்புச் சொல்கிறவளாம். குறவஞ்சியில் எந்த வாய் குறி சொன்னதோ அதே வாய் இப்போது சாட்சியம். அவள் கழுத்தில் கிடக்கும் நகை கூலி அல்ல, திருட்டுச் சொத்து. சிங்கனின் சந்தேகத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். தன் உழைப்புக்கு உரிமை இல்லாதவள் என்று அதிகாரம் ஒருத்தியை முத்திரை குத்திய பிறகு, அவள் உடம்பு எல்லோருக்கும் பொது என்று நினைக்க ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை.

மாகாணத்தில் 1947இலும், நாடு முழுக்க 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. பெயர்கள் ஒழியவில்லை. இன்றைக்கும் தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலைத் திறந்தால் சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கென்றே தொப்பக் குறவர், வேட்டைக் குறவர், சேலம் உப்புக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர் என்று வரிசையாக நிற்கும். பட்டியலினத்தில் 'குறவன், சித்தனார்' என்று வேறொரு பதிவு. எந்தச் சான்றிதழ் யாருக்கு என்று தாலுகா ஆபீஸ் வாசலில் குடும்பங்கள் அலைகின்றன. மேடையில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பாவாடை.

அந்தப் பாவாடைக்கு வருவோம். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மேல் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. ஆடியவர்கள் தேவரடியார் பெண்கள். ஆக, குறத்தி வேடம் கட்டியவளும் ஊருக்குப் 'பொதுவானவள்' என்று பெயர் வாங்கியவள்தான். 1930களில் சதிராட்டம் பரதநாட்டியம் ஆனது. 1947இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்தது. இடையில் 1944இல் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியது. இங்கேதான் குறத்தி இரண்டாகப் பிளக்கிறாள். ஒருத்தி சபாவுக்குப் போனாள்: விசிறி மடிப்பு வைத்துத் தைத்த பட்டு, அளவான அபிநயம். இன்னொருத்தி தெருவில் நின்றாள். சபாக் குறத்தியின் சுத்தத்துக்குத் தெருக் குறத்தியின் அசிங்கம் தேவைப்பட்டது. ஸ்பெஷல் நாடகத்திலும் இதே பங்கீடு உண்டு. வள்ளி திருமணத்தில் குறமகள் வள்ளி பட்டுடுத்தித் தர்க்கம் பண்ணுவாள். கொச்சைப் பேச்சையும் கண்ணடிப்பையும் பபூனோடு ஆட வரும் டான்ஸ்காரி தலையில் கட்டிவிடுவார்கள். அவளைத்தான் ஊர் ஏசும்.

சினிமா இதில் தன் பங்கைச் செய்தது. சேலத்துக்காரர்களுக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் பெருமை நிறைய உண்டு, நியாயமான பெருமைதான். அந்த நிறுவனத்தின் முதல் படம் 1937இல் வந்த சதி அகல்யா. புராணப் பத்தினி கதை. அகல்யாவாக நடித்த தவமணி தேவியின் நீச்சலுடைப் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்பது சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. அதே தவமணி தேவி 1941இல் வனமோகினியில் காட்டுப் பெண்ணாக வந்தார். அந்த உடையின் மாதிரி ஹாலிவுட்டில் டாரதி லாமூர் கட்டிய தீவுப் பெண் உடை. இதை யோசித்துப் பாருங்கள். தமிழ்த் திரையின் காட்டுப் பெண் உடுத்தியது நம் மலைக்காரியின் உடை இல்லை, அமெரிக்க ஸ்டூடியோ தன் 'காட்டுவாசி'க்குத் தைத்த உடை. அதற்கப்புறம் எத்தனையோ படங்களில் நாயகனும் நாயகியும் ஒரு பாட்டுக்கு மட்டும் நரிக்குறவராக மாறி ஆடினார்கள். 1968இல் ஒளிவிளக்கில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் ஆடவில்லையா? பாட்டு முடிந்ததும் வேஷத்தைக் கழற்றிவிடலாம், அதுதான் வசதி. குடும்பப் பெண்ணாக வரும் நாயகி தன் பேரில் காட்ட முடியாத உடம்பைக் குறத்தி பேரில் காட்டினாள். 1989இல் கரகாட்டக்காரன் ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு திருவிழா மேடையின் உடுப்பும் சினிமா உடுப்பைத் துரத்த ஆரம்பித்தது. ரெக்கார்டு டான்ஸ், ஆடல் பாடல் என்று பெயர் மாற மாறப் பாவாடை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

இது நமக்கு மட்டுமான விசித்திரம் அல்ல. அமெரிக்காவில் அக்டோபர் 31ஆம் தேதி ஹாலோவீன். பேய் வேஷம் கட்டிக் குழந்தைகள் தெருவில் மிட்டாய் கேட்டுப் போகும் நாள். சில பத்தாண்டுகளாக அங்கே பெண்களுக்கென்று கடையில் விற்கும் வேஷங்கள் குட்டையாகிக்கொண்டே வருகின்றன: நர்ஸ், பூனை, போலீஸ், எதுவானாலும் தொடை தெரிய வேண்டும். கூடவே 'செவ்விந்தியப் பெண்' வேஷமும். குட்டை மான்தோல் பாவாடை, தலையில் ஒரு இறகு. நம் மேடைக் குறத்தியின் அக்கா தங்கச்சி மாதிரியே இருப்பாள். சிறுமிகளுக்கான பாக்கெட்டிலும் அதே வெட்டு, அளவுதான் சின்னது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு ஒன்று 2007இல், சிறுமிகளைப் பாலியல் பண்டமாகக் காட்டும் விளம்பரம், உடை, பொம்மை எல்லாவற்றையும் ஆராய்ந்து, அது அவர்களின் படிப்பையும் தன்மதிப்பையும் மனநலத்தையும் பாதிக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. 2011இல் ஒஹாயோ பல்கலைக்கழக மாணவர்கள், நாங்கள் ஒரு பண்பாடு, உங்கள் மாறுவேட உடுப்பு அல்ல என்று சுவரொட்டி இயக்கம் நடத்தினார்கள். அங்கேயும் வழக்கு இரண்டு: பெண்ணுடம்பு பற்றி ஒன்று, இனத்தின் இழிவு பற்றி ஒன்று. குறத்தி வேடத்தில் இரண்டும் ஒரே தையலில் இருக்கின்றன. ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிரிக்க முடியாது.

நம் நீதிமன்றம் பிரித்துத்தான் பார்த்தது. ஆடல் பாடலுக்கு அனுமதி தரும்போதெல்லாம் 'ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது' என்று நிபந்தனை போடுவது வழக்கம். யார் ஆபாசத்தை ஏற்பாடு செய்தது என்று கேட்பதில்லை. மேடையில் நிற்கிறவள் கண்ணுக்குத் தெரிகிறாள், தலைக்கட்டு வரி பிரித்து அவளை வரவழைத்த கமிட்டி தெரிவதில்லை. கமிட்டியில் பெண்கள் கிடையாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போர்வெல் வண்டிக்காரர், லாரிக்காரர், கோழிப்பண்ணைக்காரர் நன்கொடை கொடுக்கிறார்கள். எந்தப் பாட்டு, எந்த உடுப்பு என்று புரோக்கர் பேசி முடிக்கிறார். ஆட வருகிறவள் பெரும்பாலும் குறவர் பெண்கூட இல்லை; ஒரு ராத்திரிக் கூலிக்கு வெளியூரிலிருந்து வேனில் வந்திறங்கும் ஏழைப் பெண். போலீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

குறவர் அமைப்பினர் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023 தொடக்கத்தில், தங்கள் சமூகத்தின் பெயரில் நடக்கும் இந்த இழிவான ஆட்டத்துக்கு எதிராக உத்தரவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில், குறவன் குறத்தி ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கி அரசாணை வந்தது. இது குறவர் மக்கள் போராடிப் பெற்ற வெற்றி. கலைச் சுதந்திரம் போச்சே என்று நம் எழுத்தாளர்களில் யாராவது கண்ணீர் விட்டால் அவர்களோடு நான் இல்லை. ஒரு சமூகத்தின் பெயரை அவர்கள் சம்மதம் இல்லாமல் ராத்திரி பத்து மணிக்கு மைக்கில் கூவுவது கலை அல்ல. ஆனால் காப்பாற்றப்பட்டது சமூகத்தின் பெயர். ஆடுகிறவளின் உடம்பு அந்த ஆணைக்குள் வரவில்லை. பெயரை எடுத்துவிட்டால் பாவாடை நீண்டுவிடாது. 'கிராமிய நடனம்' என்று போட்டுக்கொண்டால் போகிறது.

சினிமாவில் பெயர் போனதற்கு வேறொரு உதாரணமும் உண்டு. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கணவனை இழந்து, உயர்நீதிமன்றம்வரை போய் நின்ற பெண் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்த வழக்கை வைத்து 2021இல் வந்த ஜெய் பீம் படத்தில் அந்தப் பெண் இருளர். இருளர் துயரம் பொய்யல்ல, படத்தின் நோக்கத்திலும் எனக்குச் சந்தேகமில்லை. என்றாலும் எத்தனையோ ஆட்டப் பாட்டுகளில் குறத்தி என்று பெயர் சொல்லி அழைத்த திரை, அவள் மனுதாரராக நின்ற ஒரு கதையில் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

கடைசியாகப் பள்ளிக்கூடம். நாமக்கல் மாவட்டம் பள்ளிகளுக்குப் பெயர் போனது. இங்கே மட்டுமென்றில்லை, தமிழகம் முழுக்க ஆண்டு விழாவிலும் மாறுவேடப் போட்டியிலும் குறத்தி ஒரு நிலையான வேஷம். ஏழு வயசுப் பிள்ளைக்கு உதட்டுச் சாயம், இடுப்பு தெரிய ஒரு முடிச்சு, கையில் கூடை, ஒரு சினிமாப் பாட்டு. அப்பா அம்மா முன்வரிசையில் போன் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். திருவிழா மேடையில் தலையைத் திருப்பிக்கொண்டு போகும் அதே குடும்பங்கள்தான். 'குழந்தைதானே' என்பார்கள். இடுப்பை ஆட்டச் சொல்லிக்கொடுத்தது குழந்தையா? அதே வகுப்பில் உப்புக் குறவர் வீட்டுப் பெண் ஒருத்தி படித்துக்கொண்டிருக்கலாம்; அவள் பாட்டி கூடை முடைகிறவளாக இருக்கலாம். மறுநாள் காலையில் மற்ற பிள்ளைகள் அவளை எந்தப் பெயரில் கூப்பிடுவார்கள்? மேடையில் ஆடிய பிள்ளையிடம் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும்: கைதட்டு எதற்குக் கிடைத்தது என்று அவள் புரிந்துகொண்டிருப்பாள்?

அரசாணையை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லாத இடம் இது. ஆண்டு விழா ஒத்திகைக்கு உடுப்பு வாடகைக்கு என்று பள்ளி பணம் கேட்கும்போது, எந்த வேஷத்துக்கு, யாருடைய உடுப்பு, பாட்டு எது என்று ஒவ்வொரு பெற்றோரும் எழுதிக் கேட்கலாம். நோம்பிக் கமிட்டி வரி பிரிக்க வாசலுக்கு வரும்போது, ராத்திரி நிகழ்ச்சிக்கு எவ்வளவு, அதில் ஆட வருகிறவளுக்கு எவ்வளவு, புரோக்கருக்கு எவ்வளவு என்று வீட்டுப் பெண்கள் கணக்குக் கேட்கலாம். வரி கொடுப்பது அவர்கள் உழைப்பிலிருந்தும்தான்.