நிலமில்லார் வமிசாவளி

மன்னர் குலத்தின் வரலாறு மெய்க்கீர்த்தியிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டது. சாதாரண மனிதனுடைய குடும்ப வரலாற்றைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு ஏடுகளையே நாடுவர். ஒன்று காணி உறுதி. மற்றொன்று வரிப் பதிவு. இவ்விரண்டின் துணையால் ஒரு குடும்பம் எங்கே பிறந்தது, எங்கே பெயர்ந்தது, ஏன் பெயர்ந்தது என்பவற்றை நூற்றாண்டுகள் கடந்தும் கண்டறியலாம்.

ஆபிரகாம் லிங்கனின் முன்னோர் கதையை எடுத்துக் கொள்வோம். 1637 இல் இங்கிலாந்திலிருந்து மாசச்சூசெட்சு மாநிலத்து ஹிங்கம் என்னும் ஊருக்கு வந்து சேர்ந்தான் சாமுவேல் லிங்கன். அவன் வழிவந்தோர் நியூ ஜேர்சி, பென்சில்வேனியா, வேர்ஜீனியா என்று படிப்படியாக நகர்ந்து கெண்டக்கியை அடைந்தனர். 1816 இல் தந்தை தோமஸ் லிங்கன் இந்தியானாவுக்கும், 1830 இல் இலினோய்க்கும் பெயர்ந்தார். கெண்டக்கியில் நில உரிமைகள் ஒன்றோடொன்று மோதிச் சிக்கலாகிக் கிடந்தமையே அவர் அங்கிருந்து வெளியேற முதற் காரணம் என்று மகனே பின்னர் எழுதினார். இந்தப் பயணங்களை இன்று நாம் வரிசைப்படுத்த முடிவது எதனால்? ஓரிடத்தில் நிலம் விற்ற உறுதி. இன்னோரிடத்தில் நிலம் வாங்கிய உறுதி. ஒரு வட்டாரத்து வரிப் பட்டியலில் மறையும் பெயர் அடுத்த வட்டாரத்துப் பட்டியலில் தோன்றுகிறது. உடைமை உள்ளவனுக்கு அரசாங்கமே வரலாற்றாசிரியனாகி விடுகிறது.

ஆனால் அதே அமெரிக்க ஏடுகள் உடைமையற்றவனை எவ்வாறு எழுதின? வேர்ஜீனியாவில் 1618 முதல் ஓர் ஆளின் கப்பற் செலவைக் கொடுத்து அழைத்து வந்தவனுக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் வழங்கும் முறை இருந்தது. அழைத்து வரப்பட்ட ஒப்பந்தக் கூலியின் பெயர் நிலப் பத்திரத்தில் இருக்கிறது. அந்த நிலமோ அழைத்து வந்தவனுக்கு! 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் குடிசன மதிப்பில் அடிமைகள் உடைமையாளன் பெயரின் கீழ் வயதாலும் பாலாலும் நிறத்தாலும் எண்ணப்பட்டனர். மிகப் பெரும்பாலோருக்குப் பெயரே எழுதப்படவில்லை. கறுப்பின மக்கள் அனைவரும் பெயருடைய மனிதராக அந்நாட்டுக் குடிசன மதிப்பில் இடம்பெற்றது 1870 இல்தான். ஏடு என்பது எப்போதும் எழுதியவனின் தேவைக்கே எழுதப்படுகிறது என்னும் உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த உண்மையை மனத்திற் கொண்டு நம் இறம்பொடைக்கு வருவோம். கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், நீர்வீழ்ச்சிகளின் நடுவே அமைந்தது நமது ஊர். கோப்பிக் காலத்திலேயே இம்மலைச்சரிவுகளில் காடு வெட்டப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நாட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று அனுமானித்தது. ஏக்கர் 5 சிலிங் விலைக்கு நிலம் தோட்டக்காரருக்குப் போயிற்று. 1844 இல் அடிவிலை 1 பவுணாக உயர்த்தப்பட்டது. வாங்கியவன் பெயர், ஏக்கர் கணக்கு, நில அளவைப் படம் யாவும் பதிவாயின. பேர்குசன் வெளியிட்ட இலங்கை விவரத் திரட்டுகளில் தோட்டத்தின் பெயரும் உடைமையாளர் பெயரும் துரையின் பெயரும் அச்சில் நிற்கின்றன. அந்தத் துரையின் வழித்தோன்றல் இன்று இலண்டனிலிருந்து தன் பாட்டனைத் தேடினால் ஒரு வாரத்திற் கண்டுகொள்வான். அந்தக் காட்டை வெட்டியவனின் பேரப் பிள்ளை எங்கே தேடுவது?

காணி உறுதியில் தேட இயலாது; அவனுக்குக் காணி இல்லை. வரிப் பதிவிலும் தேட இயலாது. 1848 இல் தேசாதிபதி டொரிங்டன் கொண்டுவந்த வீதிச் சட்டம், வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு 6 நாள் வீதியில் உழைக்க வேண்டும், அன்றேல் பணம் கட்ட வேண்டும் என்றது. அந்த வரியிலிருந்து குடியேறிய தோட்டக் கூலிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்ப்பின் இது சலுகை. ஊன்றி நோக்கின், தோட்டத்தின் உழைப்பு நாட்கள் குறையாமற் காக்கும் ஏற்பாடு. அத்துடன், அவன் இந்நாட்டுக் குடிமகனாக எண்ணப்படவில்லை என்பதன் அறிகுறியும் ஆயிற்று.

இங்கே நம் அயலவனான சிங்களக் குடியானவனையும் நினைவு கூர்தல் வேண்டும். அவன் பெயர் வரி ஏட்டில் இருந்தது. இருந்து என்ன பயன்? 1880 களில் தானிய வரி நிலுவைக்காக இதே நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியில் வயல்கள் ஏலத்தில் போயின, குடும்பங்கள் சிதறின. அந்த வரி 1892 இல் ஒழிக்கப்படும் முன்னர் எத்தனையோ பேரின் நிலம் பறிபோய்விட்டது. ஒருவன் ஏட்டில் எழுதப்பட்டதால் இழந்தான். மற்றவன் எழுதப்படாததால் இழந்தான். இருவரையும் பகைவராக்கிப் பேசுவோர் இந்த இரு ஏடுகளையும் ஒருசேர விரித்துப் பார்த்தவரல்லர்.

அவ்வாறாயின் நம் முன்னோரின் பெயர் எங்குமே எழுதப்படவில்லையா? எழுதப்பட்டது, கடன் ஏட்டில் எழுதப்பட்டது.

தொடக்க காலத்தில் அதுவும் இல்லை. தொண்டியிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் நோக்கி நடந்தவர்களில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோருக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. கங்காணி முறை வேரூன்றியதும் கடனே பதிவேடாயிற்று. துரையிடம் முன்பணம் பெற்ற கங்காணி தன் ஊருக்குச் சென்று, பஞ்சத்தில் வாடியவனின் பழைய கடனை அடைத்து, வழிச் செலவு கொடுத்து அழைத்து வந்தான். ஆளின் தலைமீது அத்தொகை கடனாக ஏறியது. தோட்டம் மாற வேண்டுமாயின் துரை ஒரு ‘துண்டு’ எழுதிக் கொடுப்பான்: இத்தனை ஆட்களின் கடன் இவ்வளவு, இத்தொகையைச் செலுத்துவோருக்கு இவர்களை விடுவிப்பேன். அத்துண்டைக் கையில் ஏந்திக் கங்காணி வேறு தோட்டத்தை நாடுவான். புதிய துரை தொகையைக் கட்டியதும் ஒரு கூட்டமே மலை விட்டு மலை பெயரும்.

லிங்கன் குடும்பம் நிலம் தேடி நகர்ந்தது. நம் குடும்பங்கள் கடன் கைமாற நகர்ந்தன. அங்கே ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் சான்று காணி உறுதி. இங்கே சான்று துண்டு. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அடிமைத்தளை ஒன்று அறுந்தது நன்றே. ஆனால் தன் பாட்டன் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு வந்தான் என்று அறிய விழைவோனுக்கு, கசங்கிப்போன அந்தத் துண்டே ஒருவேளை ஒரே ஆவணமாக இருக்கக் கூடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லைகள் வழக்கிற்கு வந்தன. 1904 இல் திருச்சிராப்பள்ளியில் தோட்டக்காரரின் தொழிலாளர் ஆணையகம் நிறுவப்பட்டது. மண்டபம் முகாம் அதன் பின் எழுந்தது. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கழுத்திலே வில்லையைக் கட்டிக்கொண்டு வந்தவன் தோட்டத்தை அடைந்ததும் செக்ரோலில் ஏறினான். நமது தோட்டத் தமிழில் ‘பேர்’ என்னும் சொல்லின் பொருளை எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். ஒரு மனிதனின் பெயரே அவனது நாட்கூலிக்கு அளவாகி, பாதியாக வெட்டவும் படலாம் என்னும் நிலையை இதனினும் சுருக்கமாக எந்தப் பொருளாதார நூலும் கூறவில்லை.

உழைப்பாளியின் பெயர் கடனுக்கும் கூலிக்கும் அப்பால் அரசாங்க ஏட்டில் ஏற வேறொரு வழியும் இருந்தது. 1940 சனவரியில் ஹேவாஹெட்டையின் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதனால் அவர் பெயர் வரலாற்றில் நின்றது.

இனி, இந்தக் கதையின் கொடிய பகுதிக்கு வருவோம். யாருடைய வமிசாவளியை ஒரு நூற்றாண்டு காலம் எவரும் எழுதி வைக்கவில்லையோ, அவர்களிடமே 1948 இல் அரசாங்கம் வமிசாவளி கேட்டது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்த ஒருவன் வம்சாவளிப் பிரசையாக வேண்டுமானால் அவனுடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். 1948 இல் 30 வயதான ஒருவனின் பூட்டன் ஏறத்தாழ 1840 இல் பிறந்திருப்பான். இந்நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியதோ 1867 இல்! பூட்டனின் பிறப்புப் பத்திரத்தை வலப்பனைக் குடியானவனாலும் காட்ட இயலாது; யாழ்ப்பாணத்து வேளாளனாலும் காட்ட இயலாது. ஆனால் அவர்களை எவரும் கேட்கவில்லை. தந்தையின் பிறப்பையாவது காட்டலாம் என்றால், தோட்டத்துப் பிறப்புகள் தோட்ட நிருவாகத்தின் வழியாகவே பதிவாளரை அடைந்தன. தாய் வழியோ சட்டத்தின் கணக்கில் இல்லை. கொழுந்து பறித்துத் தோட்டத்தை வாழ்வித்த பெண்ணின் பிறப்பு எதற்கும் சான்றாகவில்லை.

1949 இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் மற்றொரு வாயிலைத் திறந்தது. மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்ததை நிறுவ வேண்டும். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. ஒரு செக்ரோலில் ஒருவாறும் இன்னொன்றில் வேறுவாறும் எழுதப்பட்ட பெயர், ஊருக்குப் போய்த் திரும்பச் சற்றுத் தாமதித்த பயணம் ஆகியவை ஒரு குடும்பத்தின் நாட்டையே நிருணயிக்கும் வழக்குகளாயின. 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே, 1964 அக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கி இவ்வழக்கிற்குப் பெரும்பாலும் முடிவு கட்டியது. 1948 இலிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள்!

பத்தாந்தர மாணவரிடம் முன்னோர் பெயர்களை எழுதிவரப் பணித்தபோது, பெரும்பாலோர் பாட்டனுடன் நின்றுவிட்டனர். ஆனால் பலர் வீட்டுக் கிழவியிடம் கேட்டு, முசிறி, துறையூர், நாமக்கல் என்று ஊர்ப் பெயர்களை எழுதி வந்தனர். ஆளின் பெயர் மறைந்தும் ஊரின் பெயர் மறையவில்லை. நமது தோட்டங்களில் ஆடப்படும் பொன்னர் சங்கர் கதை கொங்கு நாட்டினது. கூத்தும்கூட ஓர் இடப்பெயர்வுச் சான்றே. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்தது வெறும் இலக்கிய ஆர்வத்தினால் மட்டுமன்று. ஏடு எழுதாதவரின் ஏடு வாய்மொழியே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆகவே ஆசிரிய நண்பர்களும் மாணவ நண்பர்களும் செய்யத்தக்க பணி கண்முன் கிடக்கிறது. வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் பற்றுச்சீட்டு, பிறப்புப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, சங்கச் சந்தாச் சீட்டு ஆகியவற்றைக் கறையானுக்கு விடாது படியெடுத்து வைத்தல் வேண்டும். தோட்டங்கள் 1970 களில் அரசுடைமையாகி 1992 இல் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. ஒவ்வொரு கைமாற்றமும் பழைய ஏடுகளுக்கு ஓர் ஆபத்து. எஞ்சியுள்ள செக்ரோல்களைத் தேசிய சுவடிகள் திணைக்களம் பொறுப்பேற்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வமிசாவளி ஆராய்ச்சி சாதிப் பெருமைக்குப் படிக்கல்லாகி விடுதல் எளிது. நாம் தேடுவது எந்தக் குலத்தில் உதித்தோம் என்பதையன்று. எந்த உழைப்பினால் இம்மலை பசுமையாயிற்று, அவ்வுழைப்பின் பயன் எங்கே போயிற்று என்பதையே.

2023 இல், மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியில் ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அவர்கள் எழுப்பிய கோரிக்கைகளுள் நிலவுரிமையும் ஒன்று. லயத்து அறைகளில் வாழ்வோருள் பெரும்பாலோருக்கு இன்றும் தாம் வாழும் மண்ணுக்கு உறுதி இல்லை. வாக்குச் சீட்டில் பெயர் ஏறிவிட்டது. காணி உறுதியில் ஏறவில்லை. நம் பூட்டனைக் கடன் ஏட்டில் தேடினோம். பாட்டனைச் செக்ரோலில் தேடினோம். நம்மைத் தேடிவரும் பேரப் பிள்ளைகளாவது காணி உறுதியில் நம் பெயரைக் காணல் வேண்டும். அதற்கான போராட்டமே இந்த வமிசாவளியின் அடுத்த அத்தியாயம்.