டார்கெட்டைத் தாண்டியும் சிவப்பா? டேஷ்போர்டில் நிறம் மாறுவது எப்படி?

அலுவலக மீட்டிங்கில் டேஷ்போர்டு திரையில் வந்ததும், எண்ணைப் படிப்பதற்கு முன்பே எல்லோர் கண்ணும் சிவப்பைத்தான் தேடும். பச்சை என்றால் பாராட்டு, சிவப்பு என்றால் விளக்கம் சொல்லியாக வேண்டும். ஆனால், டார்கெட்டைத் தாண்டிய கிளைகூட சிவப்பில் நிற்க வாய்ப்பு இருக்கிறது. எப்படி?

அது என்ன கண்டிஷனல் ஃபார்மேட்டிங்?

எண்ணின் அளவைப் பொறுத்து அதன் நிறம் தானாக மாறும் வசதிதான் இது. டேட்டா புதுப்பிக்கப்பட்டால் நிறமும் மாறும். எக்செல்லில் கலர் ஸ்கேல் 2007 பதிப்பிலேயே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் பவர் பிஐ-யில், ஃபார்மேட் பகுதியில் நிறத்துக்குப் பக்கத்தில் உள்ள 'எஃப்எக்ஸ்' பட்டனை அழுத்தினால் கிரேடியன்ட், ரூல்ஸ், ஃபீல்டு வேல்யூ என மூன்று வழிகள் வரும். பட்டை வரைபடத்தில் அந்த பட்டனைக் காணோமா? லெஜண்ட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

சிக்கல் எங்கே?

ஒரு ஜவுளிக்கடைக்கு ஐந்து கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். டார்கெட்டில் 104, 108, 112, 118, 121 சதவீதம் விற்றிருக்கிறார்கள். ஐந்துமே பாஸ்! ஆனால், சிவப்பிலிருந்து பச்சைக்குப் போகும் கிரேடியன்ட்டை அப்படியே போட்டால் 104 சதவீதக் கிளை அடர் சிவப்பில் நிற்கும். காரணம், கிரேடியன்ட் டார்கெட்டைப் பார்ப்பதில்லை. இருப்பதில் குறைந்தது எது, அதிகம் எது என்று மட்டுமே பார்க்கும். அடுத்த மாதம் ஐந்து கிளைகளும் 60, 70 சதவீதத்தில் படுத்துவிட்டாலும், அதில் முதலாவது வந்த கிளை ஜம்மென்று பச்சையில் இருக்கும்.

சரி, ரூல்ஸுக்கு மாறலாம் என்றால் அங்கேயும் ஒரு குழி உண்டு. '90 பர்சென்ட்டுக்கு மேல் பச்சை' என்று கொடுத்தால், அது டார்கெட்டில் 90 சதவீதம் அல்ல. குறைந்த மதிப்புக்கும் அதிக மதிப்புக்கும் இடைப்பட்ட தூரத்தில் 90 சதவீதம். மேலே சொன்ன கணக்கில் அது 119.3-ல் விழும். அதாவது, 121 எடுத்த ஒரே ஒரு கிளைக்குத்தான் பச்சை! பர்சென்ட்டுக்குப் பதில் நம்பர் என்பதைத் தேர்ந்தெடுத்து, 0.9 என்று கொடுப்பதே சரி.

அப்போ எதுதான் நல்ல வழி?

ஃபீல்டு வேல்யூ. விற்பனையை டார்கெட்டால் வகுத்து, 'ஸ்விட்ச்' ஃபங்ஷன் மூலம் எந்த அளவுக்கு எந்த நிறம் என்று ஒரு மெஷர் எழுதிவிட வேண்டும். அந்த மெஷர் தருவது எண் அல்ல, நிறத்தின் பெயர் அல்லது ஹெக்ஸ் கோட். ஒரே மெஷரை கார்டு, டேபிள், சார்ட் எல்லாவற்றுக்கும் கொடுக்கலாம். டார்கெட் கொள்கை மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். மாதத்தின் 10-ம் தேதியில் முழு மாத டார்கெட்டோடு ஒப்பிட்டால் எல்லா கிளையும் சிவப்பாகத்தான் தெரியும். அன்றுவரைக்கான பங்கோடு ஒப்பிடும்படி எழுதுவதும் இதில் சாத்தியம்.

இன்னொன்று, டேட்டாவே வராத கிளை. காலியான மதிப்பை ஒப்பிடும்போது பவர் பிஐ அதை பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும். விளைவு, ஃபைல் அப்லோடு ஆகாத கிளைக்கும் சிவப்பு. மெஷரின் முதல் வரியிலேயே 'காலியாக இருந்தால் சாம்பல் நிறம்' என்று சொல்லிவிட்டால் மேனேஜர் பிழைத்தார்.

நிறம் தெரியாதவர்களுக்கு?

சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத நிறக்குருடு பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இது உண்டு. நீலம், ஆரஞ்சு ஜோடி இவர்களுக்குப் பெரும்பாலும் பிரித்துத் தெரியும். டேபிளில் நிறத்தோடு மேல், கீழ் அம்புக்குறி ஐகானும் சேர்த்துவிட்டால், கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்தாலும் விஷயம் புரியும்.