ஹைக்கூ என்றோர் இயங்குதளம்

தமிழுக்கு ஹைக்கூவின் முதல் அறிமுகம், 1916ஆம் ஆண்டு சுதேசமித்திரனில் பாரதியார் எழுதிய 'ஜப்பானியக் கவிதை' என்னும் கட்டுரையால் கிடைத்தது. அதன்பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தே, 1984இல், அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்' தொகுதி வந்தது. இவ்விரு செய்திகளையும் நம் வட்டத்தினர் நன்கறிவர். அந்த மூன்றடிக் கவிதையின் பெயரைத் தாங்கிய கணிப்பொறி இயங்குதளம் ஒன்று உண்டென்பதைப் பலர் அறியார். அதனைத் தோற்றுவித்த நிறுவனம் மறைந்து இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. அது இன்றும் இருப்பதற்குக் காரணர், ஊர்தோறும் சிறு கூடங்களில் கூடிய ஆர்வலர்களே. பத்தாண்டுகளாகக் கூடங்களில் கூடிவரும் நமக்கு இவ்வரலாறு அயலானதன்று எனக் கருதியே இதனை எழுதுகிறேன். தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர், அந்தப் பெயர் வந்த கதை வரும்வரை பொறுத்தருள்க.

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் கையாளும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று இரண்டையும் இணைத்து நடத்துவது இயங்குதளம். பெரும்பாலோர் மேசையில் அது விண்டோஸ். அதற்கு வேறான ஒன்றை நாடுவோரும், நாடுவோர் ஒன்றுகூடுவதும் புதிதல்ல. 1975 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் வண்டிக்கொட்டகையில் தொடங்கிய ஹோம்புரூ கணிப்பொறி மன்றம் இத்தகைய கூட்டங்களுள் மூத்தவற்றில் ஒன்று. ஸ்டீவ் வாஸ்னியாக் தம் ஆப்பிள் பொறியை முதலில் காட்டியது அம்மன்றத்தாருக்கே. கொண்டுவந்து காட்டுவது, கேட்டவர்க்குச் சொல்லித்தருவது என்னும் வழக்கம் அங்கிருந்து பரவிற்று.

ஆப்பிள் நிறுவனத்திலிருந்து விலகிய ழான் லூயி காசே என்னும் பிரெஞ்சுக்காரர் 1990இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'பி'. ஆங்கிலத்தில் அதற்கு 'இரு' என்று பொருள். 1995 அக்டோபரில் அவர்கள் வெளியிட்ட பிபாக்ஸ் என்னும் பொறியில் செயலிகள் இரண்டு; முகப்பின் இரு ஓரங்களிலும் பச்சை விளக்கு வரிசைகள். ஒவ்வொரு செயலியும் எவ்வளவு உழைக்கிறது என்பதை அவ்விளக்குகள் ஏறியிறங்கிக் காட்டும். இப்பொறிகள் ஏறத்தாழ 1,800 மட்டுமே செய்யப்பட்டன. 1996 டிசம்பரில், தனக்குப் புதிய இயங்குதளம் தேடிய ஆப்பிள், பி நிறுவனத்தோடு பேசிவிட்டு இறுதியில் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கியது. 1997 தொடக்கத்தில் பிபாக்ஸ் உற்பத்தியும் நின்றது. எஞ்சியது மென்பொருள், அதன் பெயர் பிஓஎஸ். 1998இல் அது இன்டெல் செயலியுள்ள சாதாரணக் கணிப்பொறிகளிலும் இயங்கத் தொடங்கியது.

அதனைக் கூட்டங்களில் காட்டுவது ஏறக்குறைய ஒரு நிகழ்த்துகலையாகவே இருந்தது. பல அசைபடங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அவற்றினிடையே ஒரு சாளரத்தைப் பிடித்து இழுத்துக் காட்டுவர். எந்தப் படமும் தடுக்காது. அக்காலத்து விண்டோஸில் ஒரு படம் தடையின்றி ஓடுவதே பெரும்பாடு. 'பல்ஸ்' என்னும் சிறு நிரலில் செயலி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் இருந்தது. ஒன்றை அணைத்தால் மற்றது பாரம் சுமக்கும். தொடக்கப் பதிப்புகளில் இரண்டையும் அணைக்க முடிந்தது. அணைத்தால் பொறி அப்படியே உறைந்து நிற்கும்! சொன்ன சொல்லைத் தட்டாத பொறி. இவற்றினும் என்னைக் கவர்ந்தது அதன் கோப்பு முறை. டாமினிக் ஜியாம்பாலோ முதன்மையாக வடிவமைத்த அம்முறையில், ஒரு மின்னஞ்சல் என்பது ஒரு கோப்பு; அனுப்பியவர் பெயர், நாள், பொருள் ஆகியவை அக்கோப்போடு ஒட்டிய குறிப்புகள். 'இன்னார் எழுதியவை யாவை' என்று கேட்டால் பட்டியல் வரும். புதிதாய் ஒன்று வந்து சேர்ந்தால் திறந்திருக்கும் பட்டியலில் அதுவும் தானே சேரும். சுவடி விளக்கப் பட்டியலோடு மன்றாடிய எவருக்கும் இதன் அருமை புரியும்.

இவ்வளவு சிறப்புடையது கடைகளில் ஏன் இல்லை? இவ்வரலாற்றின் கசப்பான பகுதி இதுவே. மைக்ரோசாப்டு கணிப்பொறி உற்பத்தியாளர்களோடு செய்துகொண்ட உரிம ஒப்பந்தங்கள், பொறியை முடுக்கியவுடன் 'எதில் இயங்குவது' என்று வினவும் பட்டியலை அவர்கள் தம் விருப்பப்படி வைக்க இடந்தரவில்லை என்பது பி நிறுவனத்தின் குற்றச்சாட்டு. ஹிட்டாச்சி நிறுவனம் ஜப்பானில் விற்ற புளோரா பிரியஸ் பொறிகளில் விண்டோஸோடு பிஓஎஸ்ஸும் இருந்தது. வாங்கியவர் அதனைக் காண முடியாது. பி நிறுவனத்தின் இணையத்தளத்திற்குச் சென்று, வழிமுறை படித்து, நெகிழ்வட்டின் துணையோடு அதனை வெளிக்கொணர வேண்டும். தம் வீட்டிலேயே புதையல் இருப்பதை அறிய மந்திரவாதியைத் தேட வேண்டிய நிலை! முடுக்கும்போது கண்ணில் படும்படி வைத்தால் விலையே வேண்டாம் என்று 1999இல் காசே அறிவித்தார். ஓர் உற்பத்தியாளரும் முன்வரவில்லை. 2002இல் தொடுத்த வழக்கு 2003 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது. தவறேதும் ஒப்புக்கொள்ளாமலே மைக்ரோசாப்டு 2 கோடியே 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தது. அதற்குள் பி நிறுவனத்தின் கதை முடிந்திருந்தது.

கடைவாயில் அடைபட்டதால் கூடங்களே கதியாயின. இங்கே ஆர்வலர்களைப் புகழ்வதோடு நிறுத்திவிடுதல் நேர்மையாகாது. கூட்டத்தில் வியந்தவர் வீடு திரும்பித் தம் பொறியில் நிறுவியபோது, அச்சுப்பொறிக்கோ ஒலி அட்டைக்கோ இயக்கி இல்லாதிருந்தது. அலுவலகத்துக் கோப்புகளைத் திறக்கப் பழைய விண்டோஸுக்கே திரும்ப வேண்டியிருந்தது. காட்டியவர்கள் அழகைக் காட்டினர், அன்றாடத்தைக் காட்டவில்லை. கவியரங்கில் கைதட்டியவர் எல்லாரும் வாயிலில் நூல் வாங்குவதில்லை என்பது நாம் அறியாததா? குற்றம் முழுவதையும் எதிரியின் தலையில் ஏற்றும் ஆர்வலர் எழுத்துகளோடு நான் உடன்படுவதற்கில்லை.

2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பி நிறுவனமே மேசைக் கணிப்பொறியைக் கைவிட்டு, இணையத்திற்கென்றே அமையும் சிறு கருவிகள்பால் திரும்பியது. அவ்வாண்டு மார்ச்சில் தனியாள் பயன்பாட்டுக்கான பதிப்பை விலையின்றி வழங்கியது. 2001 ஆகஸ்டில் தன் உடைமைகளைப் பாம் நிறுவனத்திற்கு 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு விற்க இசைந்தது. ஊர் ஊராய் எடுத்துரைத்தவர்கள் கையில் உரிமையும் இல்லை, மூலநிரலும் இல்லை. அதே மாதத்தில் சிலர் 'ஓப்பன்பிஓஎஸ்' என்னும் பெயரில் அதனை முதலிலிருந்து எழுதத் தொடங்கினர். பழைய மென்பொருள்கள் மாற்றமின்றி அப்படியே இயங்க வேண்டும் என்பது அவர்கள் தமக்குத்தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. ஏடு அழிந்தபின் கேட்டவர் நினைவிலிருந்து காப்பியத்தைச் சீர் பிறழாமல் மீட்டெழுதுவது போன்ற பணி அது.

பழைய பெயரின் உரிமை பாம் நிறுவனத்திடம் இருந்தமையால் வேறு பெயர் தேவைப்பட்டது. 2004இல் தேர்ந்தது 'ஹைக்கூ'. காரணம் இது: பிஓஎஸ்ஸோடு வந்த நெட்பாசிட்டிவ் என்னும் இணைய உலாவியில், தேடிய பக்கம் கிடைக்காதபோது தோன்றும் பிழைச்செய்திகள் ஹைக்கூ வடிவில் எழுதப்பட்டிருந்தன. கிடைக்காமையைச் சொல்ல அவ்வடிவத்தினும் தக்கது எது? அக்காலத்தில் இவ்விளையாட்டு வேறிடத்திலும் நிகழ்ந்தது. 1998இல் சலோன் என்னும் இணைய இதழ் பிழைச்செய்திகளை ஹைக்கூவாக எழுதும் போட்டி நடத்தியது. அக்கவிதைகள் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவின. எழுதியவர் பெயர்கள் வழியிலேயே உதிர்ந்தன. தனிப்பாடல் திரட்டு பயில்வோர்க்கு இது பழகிய துயரம்.

ஜெர்மனியின் டுஸல்டார்ப் நகரில், 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆர்வலர் சந்திப்புக்குப் 'பெகைஸ்டர்ட்' என்று பெயர். அச்சொல்லுக்கு உள்ளம் கிளர்ந்தவர் என்று பொருள். முதலெழுத்துகளில் பழைய நிறுவனத்தின் பெயரும் அடங்கும். நல்ல சிலேடை. இளைஞர் விடுதியொன்றில் தங்கி, உரை நிகழ்த்தி, செய்ததைக் காட்டி, பின்னாளில் சந்திப்பை ஒட்டிச் சில நாள் சேர்ந்தமர்ந்து நிரல் எழுதவும் செய்தனர். நிறுவனம் இருந்தபோது தொடங்கிய சந்திப்பு, நிறுவனம் மறைந்தபின்னும் பல்லாண்டுகள் நடந்தது. அமெரிக்காவிலோ லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஆண்டுதோறும் கூடும் லினக்ஸ் மாநாட்டில் ஹைக்கூவினர்க்கும் ஒரு மேசை கிடைத்தது. மாற்றாரின் அவையிலும் இடம்பெற்ற மாற்று.

பணி மெல்லவே நடந்தது. முதல் முன்னோட்டப் பதிப்பு வெளியாக எட்டாண்டுகள் ஆயின. அது வந்தது 2009 செப்டம்பரில். அடுத்த நிலையான முதல் பீட்டா பதிப்பு 2018இல், ஐந்தாம் பீட்டா 2024 செப்டம்பரில். பொறுமை இழந்தோர் பலர், வந்து சேர்ந்தோர் சிலர்.

இன்று இதனைக் காட்ட விரும்புவோர் பச்சை விளக்குப் பெட்டியைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை. விரல் நீளமுள்ள யுஎஸ்பி நினைவகத்தில் ஹைக்கூவை ஏற்றிச் சட்டைப்பையில் கொண்டுபோகலாம். பார்ப்பவரின் மடிக்கணிப்பொறியில் அதனைச் செருகி முடுக்கினால், உள்ளிருக்கும் விண்டோஸைத் தொடாமலே திரை எழும். வலப்புற மேல்மூலையில் சிறிய இலையொன்று தெரியும். அதைச் சொடுக்கித் தொடங்க வேண்டியதுதான்.