டியேகோ கார்சியா: ஆளில்லாத் தீவு ஆக்கப்பட்ட கதை

இந்தியப் பெருங்கடலின் நடுவே, மாலத்தீவுக்குத் தெற்கே கிடக்கிறது சாகோஸ் தீவுக்கூட்டம். அங்கே 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மக்கள் வாழ்ந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து தென்னந்தோப்பு வேலைக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், பின்னர் வந்த இந்தியத் தொழிலாளர்களும் கலந்த சந்ததி அது. கொப்பரை காயவைப்பதும் மீன்பிடிப்பதும் பிழைப்பு.

பனிப்போர் அந்த வாழ்வைக் கெடுத்தது. 1965இல், விடுதலைக்குக் காத்திருந்த மொரீஷியஸிடமிருந்து சாகோஸைப் பிரிட்டன் 30 லட்சம் பவுண்டுக்குப் பிரித்தெடுத்தது. மறு ஆண்டே அதிலுள்ள டியேகோ கார்சியா தீவை ராணுவத் தளத்துக்காக அமெரிக்காவுக்குத் திறந்துவிட்டது. பதிலுக்கு, பிரிட்டன் அமெரிக்காவிடம் வாங்கிய போலாரிஸ் ஏவுகணை விலையில் 1.4 கோடி டாலர் ரகசியத் தள்ளுபடி.

தளத்துக்கு இடம் வேண்டும், மக்கள் வேண்டாம். மருத்துவத்துக்கு மொரீஷியஸ் போனவர்களுக்குத் திரும்பக் கப்பல் மறுக்கப்பட்டது. 1971இல் தீவு மக்களுடைய வளர்ப்பு நாய்களைக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்து, புகையூட்டிக் கொன்றார்கள். மிஞ்சியவர்கள் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். 1973க்குள் எல்லாத் தீவுகளும் காலி. அங்கே நிரந்தரக் குடிகளே இல்லை, ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. தலைமுறைகளின் கல்லறைகள் இருந்த மண்ணைப் பற்றிய இந்தப் பொய்தான் முழுக் கதையிலும் மிகக் கொடியது.

பின்னாளில் ஆப்கானிஸ்தான், இராக் போர்களில் குண்டுவீச்சு விமானங்கள் இந்தத் தளத்திலிருந்து கிளம்பின.

2019இல் சர்வதேச நீதிமன்றம், பிரிட்டன் சாகோஸில் தன் நிர்வாகத்தை விரைவில் முடிக்கவேண்டும் என்று ஆலோசனைக் கருத்து அளித்தது. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதற்கு ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை 6. 2025 மே மாதம் கையெழுத்தான உடன்படிக்கை, இறையாண்மை மொரீஷியஸுடையது என்று ஒப்புக்கொள்கிறது. அதன்படி தளமோ 99 ஆண்டுகளுக்குப் பிரிட்டன் கையில். மற்றத் தீவுகளில் மக்களை மொரீஷியஸ் குடியமர்த்தலாம். டியேகோ கார்சியாவில் முடியாது.