எத்ரூரியாவின் நீலக் கலங்கள்

நீல நிலத்திலே வெண்ணிற உருவங்கள்: மெல்லாடை அணிந்து நடனமிடும் நங்கையர், யாழேந்திய அப்பொல்லோ. நூதனசாலைகளின் கண்ணாடிப் பேழைகளில் இந்த 'ஜாஸ்பர்' மட்கலங்களைக் காண்போர் அவை கிரேக்கத்திலிருந்து வந்தவை என எண்ணவும் கூடும். உண்மையில் அவை இங்கிலாந்தின் ஸ்டாபோட்ஷயர்த் தொழிலாளரின் கைவண்ணம்.

குயவர் மரபிலே பிறந்த ஜோசையா வெட்ஜ்வூட் 1769 இல் அங்கு நிறுவிய தொழிற்சாலைக்கு எத்ரூரியா எனப் பெயரிட்டார். இத்தாலியக் கல்லறைகளிற் கிடைத்த பழங்கலங்களை எத்ரூரியருடையவை என அக்காலத்தார் நம்பினர். அவற்றுட் பல கிரேக்கக் கலங்கள் என்பது பின்னரே தெளிவாயிற்று. பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கான சோதனைகளின் பின், களிமண்ணோடு பேரியக் கனியத்தை அரைத்துச் சேர்த்து, 1770களின் நடுப்பகுதியில் ஜாஸ்பரை அவர் உருவாக்கினார். வெண்களியைச் சிறு அச்சுக்களில் அழுத்தியெடுத்து, நீர் தடவிக் கலத்தில் ஒட்டிச் சூளையிலிட்டனர், மெருகு பூசுவதில்லை. வெட்ஜ்வூட்டின் அறிவியல் வேட்கையை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. சூளையின் வெப்பத்தை அளக்கக் கருவி கண்ட அவரை ரோயல் சொசைட்டி 1783 இல் உறுப்பினராக்கிற்று.

அதே ஆண்டில் உணவு விலை ஏறியிருந்தது. மாவும் பாற்கட்டியும் ஏற்றிய படகொன்று எத்ரூரியாவில் இறக்கப்படாது கால்வாய் வழியே மான்செஸ்டர் நோக்கிச் சென்றது. மக்கள் பின்தொடர்ந்து அதனைப் பற்றி, நியாயமெனத் தாம் கருதிய விலைக்குப் பொருள்களை விற்றனர். படை வந்தது, ஸ்டீபன் பார்லோ என்பவர் தூக்கிலிடப்பட்டார். வெட்ஜ்வூட் இளந் தொழிலாளருக்கென ஒரு பிரசுரம் எழுதினார். முன்னைய வறுமையைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, இன்றைய கூலியையும் வீட்டையும் எண்ணி அமைதி கொள்ளுமாறு அது உபதேசித்தது. அவர் கூறிய முன்னேற்றம் பொய்யன்று. ஆயினும் அன்றைய பாணின் விலைக்கு அதில் விடையில்லை.

நான்காண்டுகள் கழித்து, 1787 இல், அதே எத்ரூரியாவில் ஒரு சிறு ஜாஸ்பர்ப் பதக்கம் செய்யப்பட்டது. விலங்கிட்ட கைகளைக் கூப்பி முழந்தாளிட்ட ஆபிரிக்க அடிமை, தானும் மனிதனும் சகோதரனும் அல்லவா என அதிலே கேட்கின்றான். வெட்ஜ்வூட் அதனை விலையின்றி வழங்கினார். பெஞ்சமின் பிராங்கிளினுக்கும் அனுப்பினார். பெண்கள் காப்பிலும் கொண்டையூசியிலும் பதித்து அணிந்தனர். அடிமை வியாபாரத்துக்கு எதிரான இயக்கத்தை அது வீடுதோறும் கொண்டுசென்றது. இவரைக் கபடர் எனத் தள்ளுதல் எளிது; ஆனால் அது தவறு. கடலுக்கு அப்பால் இருந்த சகோதரனை மனமாரக் கண்டவர், தம் கால்வாய்க் கரையிலே படகின் பின் ஓடியவனை முதலாளியின் கண்கொண்டே கண்டார்.

அக்குயவர் நாட்டின் பிற்கால நிலையை மார்க்ஸ் 1867 இல் 'மூலதன'த்தில் எடுத்துக்காட்டினார். அதில் வரும் சிறுவன் வில்லியம் வூட் 7 வயதும் 10 மாதமும் ஆனபோதே வேலைக்கு வந்தவன். அரைத்த கல்லின் தூசி குயவரின் நுரையீரலை அரித்தது.

2009 இல் வெட்ஜ்வூட் நிறுவனம் முறிந்தபோது, தொழிலாளர் ஓய்வூதிய நிதிக்கு 13.4 கோடி பவுண் குறைந்திருந்தது. நூதனசாலைக் கலங்களை விற்று அக்கடனைத் தீர்க்கலாமென 2011 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014 இல் நன்கொடை திரட்டி, ஒன்றரைக் கோடி பவுணுக்குச் சற்று மேலாகக் கொடுத்துக் கலங்களை மீட்டனர். அத்தொகை கடனின் எட்டிலொரு பங்கையும் எட்டவில்லை.