ஒரு நாள் ஊர் சுற்றியதில் இரண்டு ஒக்டோபர்



போன பள்ளி விடுமுறைக்குப் புத்தளத்திலிருந்து என் ராத்தாவும் மச்சானும் வந்திருந்தார்கள். இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பென்ஷன் எடுத்த பிறகு சோடியாக நுவரெலியா, கண்டி என்று போய்வருகிறவர்கள் உண்டு. இவர்கள் கேட்டது வேறு. "அவசரமில்லாம ஒரு நாள் எங்கட ஊர்ப்பக்கத்தைச் சுத்திக் காட்டு தம்பி" என்றார் ராத்தா. ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு காலையிலேயே கிளம்பினோம். அன்று பார்த்த இடங்களின் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீரூற்று. பெயரிலேயே வரலாறு இருக்கிறது. வன்னி உலர்ந்த பூமி. வடகீழ்ப் பருவமழை பெய்கிற சில மாதங்களை விட்டால் மற்றக் காலத்துக்குக் குளமும் கிணறும்தான் துணை. அதனால்தான் இங்கே எத்தனையோ ஊர்ப் பெயர்கள் 'குளம்' என்று முடிகின்றன. நீர் கிடைத்த இடத்தில் குடி வந்தது. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, முள்ளியவளை என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்ததும் அப்படித்தான்.

ஒரு வளவுக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார் ராத்தா. வேலி புதிது, கிணறு பழையது. அங்கிருந்தவர்களிடம் கேட்டு ஒரு வாளி அள்ளி முகம் கழுவினார். ஒன்றும் பேசவில்லை.

அடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலடி. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் நடக்குமுன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, இங்கே கொண்டுவந்து உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். பிறகுதான் வற்றாப்பளைக்குப் போகும். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் என்பதால் 'பத்தாம்பளை' என்றிருந்து வற்றாப்பளை ஆனது என்பது ஐதீகம். சிங்கள மக்கள் அதே கண்ணகியைப் பத்தினி தெய்வமாக வணங்குகிறார்கள். பொங்கலுக்கு வருகிற சனத்துக்குத் தன் வாப்பா தேத்தண்ணிக் கடை போட்டதையும், விடிய விடியத் தான் கோப்பை கழுவியதையும் மச்சான் சொல்லிச் சிரித்தார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒட்டுசுட்டான் பக்கம், கற்சிலைமடு. 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த பிரித்தானியப் படையைத் தாக்கி விரட்டினான். கெப்டன் வொன் டிரிபேர்க்கும் அவருடைய ஆட்களும் படகேறி யாழ்ப்பாணம் போனார்கள். அதே கெப்டன் திரும்பி வந்து ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் வன்னியனைத் தோற்கடித்தார். அதற்கு வெள்ளைக்காரர் கல் நட்டார்கள். "இளம் வயசில மாணவரைக் கூட்டி வந்து அந்தக் கல்லை வாசிச்சுக் காட்டியிருக்கிறன்" என்றார் மச்சான். அந்த நாளில்தான் வன்னியன் கொல்லப்பட்டான் என்று பலர் சொல்கிறோம். கல்லில் இருந்தது தோல்வி மட்டும்தான். ஓகஸ்ட் வெற்றியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அப்படியானால் ஓகஸ்ட் 25 நமக்கு எப்படித் தெரியும்? ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கைநூல் வெளியிட்டார். அதில் அந்தத் தாக்குதலையும் எழுதி வைத்தார். கல் விட்டதைப் புத்தகம் காப்பாற்றியது.

பின்னேரம் வட்டுவாகல் பாலம். ஒரு பக்கம் நந்திக்கடல், மறு பக்கம் பெருங்கடல். 2009 மே மாதம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு சனம் கடந்த பாலம் இது. அதைத் தாண்டி வந்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். மூவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

ராத்தாதான் முதலில் பேசினார். "வெள்ளைக்காரன்ட ஒக்டோபருக்குக் கல் இருந்தது. எங்கட ஒக்டோபருக்கு என்ன இருக்கு தம்பி?"

1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். முல்லைத்தீவு மாவட்டமும் அதில் ஒன்று. இன்று என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இது தெரியாது. அதேபோல புத்தளத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு வட்டுவாகலில் நடந்தது தெரியாது. ஒருவர் துயரத்தை மற்றவர் அறியாமல் ஒரே றோட்டில் போய்வருகிறோம்.

நான் பதில் தேடிக்கொண்டிருக்க மச்சான் சொன்னார்: "கல்லுக்குக் காசு வேணும், அனுமதி வேணும். ஒரு கொப்பிக்கு என்ன வேணும்?"

அடுத்த தவணையில் என் மாணவரிடம் ஆளுக்கொரு கொப்பி கொடுக்கப் போகிறேன். வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டு எழுதட்டும். எந்தக் கிணற்றில் யார் யார் அள்ளினார்கள், எந்த வயலை யார் செய்தார்கள், யார் எப்போது போனார்கள், யார் திரும்பி வந்தார்கள், யார் வரவில்லை. தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் வீட்டிலும், முஸ்லிம் பிள்ளை தமிழ் வீட்டிலும் போய்க் கேட்கட்டும்.

பெரியவர்களே, பிள்ளைகள் வந்தால் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் ஒதுக்குங்கள். நேரில் முடியாதவர்கள் உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். ராத்தா முகம் கழுவிய அந்தக் கிணற்றை வெட்டியது யார் என்பதிலிருந்து தொடங்கலாம். அது அவருக்கும் தெரியவில்லை.